சுவரில் மாட்டிய படிப்பு

— அந்தச் சேட்டிபிகேட்டச் சுவர்ல இருந்து கழட்டித் தாங்க மாமா.

— என்ன கேட்ட?

— என்ட டிகிரி சேட்டிபிகேட். உங்கட தலைக்கு மேல தொங்குதே, அது. எனக்கு இப்பவே வேணும்.

— றுமைஸா, அத மட்டும் கேக்கப்படாது எண்டு உன்ட உம்மா உனக்குச் சொல்லல்லயா?

— சொன்னா. இண்டைக்குக் காலையிலயும் சொன்னா. ‘என்ட கூடப்பொறந்த முஸம்மில் நானாக்கிட்ட உயிரக் கேட்டாலும் தருவாரு, அந்தக் கண்ணாடி போட்ட சேட்டிபிகேட்ட மட்டும் கேட்டுடாத’ எண்டு சொன்னா. நான் கேட்டுட்டன். தாங்க.

— இரு மக. முதல்ல அந்தக் கதிரையில இரு. ரெண்டு நாளா நீயும் தூங்கல்ல, நானும் தூங்கல்ல. பிளேன்டீ ஒண்டு ஊத்தச் சொல்லவா?

— வேணாம்.

— ஊரே பதறிக்கிட்டு இருக்கிற நேரத்துல உனக்குச் சேட்டிபிகேட் எதுக்கு? ஆ, விளங்குது விளங்குது. பட்டதாரி ஆசிரியர் நியமனம் எண்டு பேப்பர்ல கிடந்தது. இன்டர்வியூக்குப் போற. அதானே?

— எனக்கு வேணும் மாமா. அவ்வளவுதான்.

— போ மக. நல்லாப் போ. நான் மறிக்கிறவன் இல்ல. ஆனா இண்டைக்குப் போகாத. பன்னெண்டு மணிக்குப் பிறகு பொலிஸ் வருது. அவங்க இந்த ஒபிஸுக்குள்ள வரக்குள்ள கண்ணாடி அந்த இடத்துல தொங்கணும். நீ அதுக்குக் கீழ இருக்கணும்.

— ஏன்?

— தெரியாத மாதிரிக் கேக்குற.

— தெரியும். உங்கட வாயால சொல்லுங்க.

— என்னத்தச் சொல்றது? மணல் மேட்டுல நாலு சில்லு பைக் ஓட ஆசைப்பட்டு வெள்ளைக்காரன் வந்து நிப்பான். வாழ்க்கையில அதத் தொட்டிருக்க மாட்டான். ‘ஆர் பழக்குறது, தகுதி இருக்கா’ எண்டு கேப்பான். நான் கையக் காட்டுவன். தங்க முத்திரை, இங்கிலீஸ் எழுத்து, பெரிய ஆக்கள்ட கையெழுத்து. பேருக்குக் கீழ ஒருத்தனும் வாசிக்கிறதில்ல, அவன்ட முகம் தெளிஞ்சிடும். நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்ல மக. கையத்தான் காட்டினன்.

— அது அறபு மொழி டிகிரி மாமா! நாலு வருசம் அறபு இலக்கணம் படிச்சதுக்குத் தந்த கடதாசி. மணல்ல பைக் ஓடுறதப் பத்தி அதுல ஒரு எழுத்தும் இல்ல.

— கெம்பஸ் கெம்பஸ்தான். படிச்ச புள்ள எண்டு ஒரு மதிப்பு.

— அந்தப் படிச்ச புள்ளய ஒரு நாளாவது பைக்ல ஏற விட்டீங்களா? கேட்டதுக்கு என்ன சொன்னீங்க? ‘பொம்புளப் புள்ள அதுல ஏறினா பள்ளிவாசல் நிருவாகம் என்னக் கூப்பிட்டு வெச்சிக் கேக்கும்’ எண்டீங்க. ஏறாதவள்ட பேரச் சுவர்ல மாட்டி, ஏற வாறவங்களுக்குக் காட்டுறீங்க.

— சத்தத்தக் குறை. வெளியில ஹுனைஸ் நிக்கிறான்.

— கேக்கட்டும். ரெண்டு வருசமா ஆக்களக் கூட்டிக்கிட்டுப் போறவர் அவர்தானே.

— அவன்ட விசயத்தத்தான் உன்னோட கதைக்கணும். இந்தா, பேனை. நல்ல இங்கிலீஸ்ல ஒரு கடிதம் எழுது. அதையே சிங்களத்துலயும் எழுது. உன்ன மாதிரி எழுத இங்க வேற ஆரு இருக்கா?

— சொல்லுங்க. கேப்பம்.

— ‘எங்கட பயிற்றுநர் வழமை போல இருவது நிமிசம் பழக்கினாங்க. பிறகு கூட்டிக்கிட்டுப் போன ஹுனைஸ், நாங்க சொன்ன பாதைய விட்டுட்டு, தன்ட எண்ணத்துக்கு உயரமான மேட்டுப் பக்கம் போயிட்டாரு. அங்க ஒரு பைக் சரிஞ்சி, ஒரு பொண்ணுட கால் பின் சில்லுக்குள்ள போயிட்டு.’ அவ்வளவுதான். கீழ ஹுனைஸ் கையெழுத்து வெப்பான்.

— ஹுனைஸ் நானா இதுக்கு ஒத்துக்கிட்டாரா?

— நீயே கேளு. ஹுனைஸ்! உள்ள வா.

— ஓம் ஹாஜியார். ஸலாம் டீச்சர்.

— டீச்சர் எண்டு இன்னும் கூப்பிடுறீங்களே நானா. வெக்கமா இருக்கு. இந்தக் கடிதத்துல என்ன வரப்போகுது எண்டு தெரியுமா?

— தெரியும் டீச்சர். பிழை என்ட தலையில. முடிஞ்சிது கதை.

— முடியல்ல. முந்தாநாள் நடந்ததச் சொல்லுங்க. அந்த வெள்ளைக்காரங்க அஞ்சு பேரும் எத்தன மணிக்கு வந்தாங்க?

— அஞ்சரை தாண்டிட்டு. அவங்கட வேன் மீன் லொறி ஒண்டுக்குப் பின்னால மாட்டிக்கிட்டு.

— பழைய டயர் அடுக்கி, பழக்குறதுக்கு எண்டு ஒரு வட்டம் போட்டிருக்கிறமே. அதுல எத்தன சுத்துச் சுத்தினாங்க?

— அத விடுங்க டீச்சர்.

— எத்தன?

— சுத்தல்ல. ஹாஜியார் போன்ல, ‘சூரியன் விழப்போகுது, அதப் பார்க்கத்தானே காசு கட்டி வந்திருக்குறாங்க, ஏத்திக்கிட்டுப் போ, போற வழியில பழகுவாங்க’ எண்டாரு.

— ஏன்டா, நான் உனக்கு அப்பிடியா சொன்னன்?

— சொன்னீங்க ஹாஜியார். ஆனா நான் அத ஆருட்டயும் சொல்ல மாட்டன். முடிஞ்சிது கதை.

— மேட்டுப் பக்கம் போகச் சொன்னதும் மாமாதானா?

— சூரியன் அங்க இருந்துதானே நல்லாத் தெரியும் டீச்சர். எல்லா நாளும் அங்கதானே போறம்.

— பழக்குறதெண்டா முதல் என்ன சொல்லிக் குடுப்பீங்க நானா? மாமாவும் கேக்கட்டும்.

— ரெண்டு விசயம். பயந்தா பெருவிரல எடு. சரிஞ்சா காலக் கீழ வெக்காத. எக்ஸ்லேட்டர் பெருவிரல்லதானே இருக்கு. பயத்துல கைய இறுக்கினா வண்டி இன்னும் பாயும். மத்தது, மோட்டார் சைக்கிள் ஓடிப் பழகின ஆக்கள் வண்டி சரியக்குள்ள தன்னால காலக் கீழ ஊண்டுவாங்க. இதுல ஊண்டினா பின் சில்லு காலுக்கு மேல ஏறிடும். எனக்கு இங்கிலீஸ் வராதுதானே, என்ட காலயே சில்லுக்கு முன்னால மணல்ல வெச்சி, கத்திக் காட்டுவன். சிரிப்பாங்க. ஆனா மறக்க மாட்டாங்க.

— முந்தாநாள் காட்டினீங்களா?

— இல்ல டீச்சர். காட்டல்ல.

— அடிபட்டவள்ட பேரு மார்த்தா. அவள்ட நாட்டுல ஸ்கூட்டர்ல வேலைக்குப் போறவளாம்.

— பொறு. நீ எப்பிடி அறிஞ்ச? ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருத்தரும் போகப்படாது எண்டு நான் சொன்னனா இல்லயா?

— சொன்னீங்க. நேத்து பஸ் ஏறிப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனன். இண்டைக்கு அவளக் கொழும்புக்குக் கொண்டு போறாங்க. பாதத்த வெச்சிருக்கிறதா, எடுக்கிறதா எண்டு அங்கதான் சொல்லுவாங்களாம்.

— யா அல்லாஹ்.

— என்னக் கண்டு அவ ஏசல்ல மாமா. ஏசியிருந்தா நான் தாங்கிக்கிட்டு வந்திருப்பன். ‘அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கிற பேரு உன்டதானே’ எண்டு கேட்டா. ‘அதப் பார்த்துட்டுத்தான் ஏறினன். காலக் கீழ வெக்கப்படாதெண்டு நீ ஏன் எனக்குச் சொல்லல்ல’ எண்டு கேட்டா.

— நீ என்ன சொன்ன?

— என்ன சொல்றது? ‘எனக்கு அறபுதான் தெரியும்’ எண்டு சொல்றதா? வெளியில வந்து பஸ் ஏறிட்டன்.

— பாரு மக. நடந்தது நடந்துட்டு. அது அல்லாஹ்ட நாட்டம். அந்தப் புள்ளைக்கு நான் தொழுது துஆ கேக்கிறன். ஆனா இந்த இடத்தப் பூட்டினா பதினொரு குடும்பம் ரோட்டுல நிக்கும். குண்டு வெடிச்ச வருசம் ஒரு சுற்றுலாக்காரன் வரல்ல. பிறகு கொரோனா. பிறகு பெற்றோல் இல்ல. அத்தனைக்கும் பூட்டாம வெச்சிருந்தன். உன்ன கெம்பஸுக்கு அனுப்பினதும் இந்த மணல்தான். அத மறந்துடாத.

— மறக்கல்ல. மறக்காததாலதானே ரெண்டு வருசமா ஏற வாறவங்கட ஒவ்வொரு போம் கடதாசியிலயும் ‘இருவது நிமிசம் பழக்கினது’ எண்ட இடத்துல சரி போட்டுக் கையெழுத்து வெச்சன். முதல்ல உண்மையாவே இருவது நிமிசம். பிறகு பத்து. பிறகு அஞ்சு. முந்தாநாள் அந்த அஞ்சு பேரும் வாசலத் தாண்டிப் போறாங்க, நான் இந்த மேசையில இருந்து அஞ்சு போம்லயும் சரி போடுறன். என்ட பேனை ஒரு இடத்துலயும் நிக்கல்ல மாமா.

— அதத்தான் நானும் சொல்றன்! கையெழுத்து உன்டது. பழக்கல்ல எண்டு வெளியில வந்தா முதல் மாட்டுறது நீ. நானில்ல. இந்தக் கடிதம் உன்னத்தான் காப்பாத்துது. விளங்குதா?

— விளங்குது. உங்களயும் என்னயும் காப்பாத்த இவர் உள்ள போகணும்.

— உள்ள எங்க போறான்? நல்ல லோயர் ஒருத்தர் பிடிச்சிருக்கிறன். அவன்ட பங்குக்கு நான் கட்டார் விசா எடுத்துக் குடுக்கிறன். பள்ளிவாசல்துறையில வள்ளத்துல மீன் பிடிக்கப் போய்க்கிட்டிருந்தவன இங்க கூட்டி வந்தவன் நான். கைவிடுவனா?

— ஓம் டீச்சர். ஹாஜியார் வாக்குத் தந்துட்டாரு. என்ட பொஞ்சாதிக்கு இது புள்ள பெறுற மாசம். ரெண்டு வருசம் கட்டார்ல நிண்டா ஒரு வீடு போட்டுடலாம்.

— கட்டாருக்குப் போக பொலிஸ் ரிப்போட் கேப்பாங்க. தெரியுமா நானா?

— அது எடுக்கலாம்தானே. என்ட மச்சானும் எடுத்தான்.

— உங்கட மச்சான்ட பேர்ல கேஸ் இருந்ததா? ‘பிழை என்டது’ எண்டு கையெழுத்து வெச்ச ஆளுக்கு எப்பிடி ரிப்போட் குடுப்பாங்க? யோசிச்சீங்களா?

— ஹாஜியார்?

— அத அந்த நேரம் பார்ப்பம்டா.

— பார்ப்பம் எண்டா? கட்டார் இருக்கா, இல்லயா?

— இவள்ட கதையக் கேட்டு நீ தடுமாறாத.

— தடுமாறல்ல ஹாஜியார். இருக்கா இல்லயா எண்டுதான் கேட்டன்.

— பார்த்தீங்களா நானா? நீங்க ஒண்டுலயும் கையெழுத்து வெக்காதீங்க.

— வாய மூடு றுமைஸா! ஒரு கடதாசியப் படிச்சி எடுத்ததால நீ எனக்கு மேல போயிட்டியா? எங்க போற? கதிரைய ஏன் இழுக்குற?

— நீங்க கழட்ட மாட்டீங்க. நானே கழட்டுறன்.

— இறங்கு. இறங்கு எண்டு சொல்றன்! அந்தக் கதிரைட பின் கால் ஆடுது.

— தெரியும். மூணு மாசமா சொல்றன், நீங்க ஆணி அடிக்கல்ல.

— விழப்போறீங்க டீச்சர்!

— நீ தள்ளி நில்லுடா, நான் பிடிக்கிறன். விழுந்து இடுப்ப ஒடிச்சிக்கிட்டா இவள்ட உம்மாவுக்கு ஆரு பதில் சொல்றது? இஞ்ச பாரு, நான் சம்மதிச்சிப் பிடிக்கல்ல. விளங்குதா? இடப்பக்கம் சாயாத.

— நல்லாப் பிடிங்க. ஆணி இறுகிக் கிடக்கு.

— இறுகித்தான் கிடக்கும். நான் அடிச்ச ஆணி. அண்டைக்குச் சுத்தியல ஒருத்தன்ட கையிலயும் குடுக்கல்ல. தொண்ணூறாம் ஆண்டு மன்னார்ல இருந்து எங்கள விரட்டக்குள்ள உன்ட உம்மாவ வள்ளத்துல மடியில வெச்சிக்கிட்டு வந்தன் மக. அவளுக்கு ஒம்பது வயசு, எனக்குப் பதினாலு. ஒரு பை. பிறகு பள்ளிக்கூடம் இல்ல, உப்பளம்தான். காலெல்லாம் வெடிச்சி, உப்புத் தண்ணி உள்ள போயி, இரவைக்குக் கத்துவன். எங்கட சனத்துல எழுதப் படிச்சது எண்டு சுவர்ல மாட்ட முதல் முதல் கிடைச்சது இதுதான். வெள்ளைக்காரனுக்குக் காட்ட நான் மாட்டல்ல. அது பிறகு வந்த புத்தி.

— தெரியும் மாமா. அதாலதான் இவ்வளவு நாளும் கேக்கல்ல.

— அப்ப விடன்.

— கையில வந்துட்டு. தள்ளி நில்லுங்க, இறங்குறன்.

— பாரு. சுவர்ல நாலு மூலையும் வெள்ளையா எப்பிடித் தெரியுது எண்டு பாரு. பொலிஸ்காரன் வந்தா முதல் கண்ணு அதுலதான் போகும். சரி, இன்டர்வியூ எண்டா எடுத்துக்கிட்டுப் போ. பன்னெண்டு மணிக்கு முன்னுக்குத் திருப்பிக் கொண்டு வந்துடுவியா? எந்த இடத்துல இன்டர்வியூ?

— இன்டர்வியூ எண்டு நான் ஒரு வார்த்தையும் சொல்லல்ல. நீங்கதான் சொன்னீங்க. ஹுனைஸ் நானா, அந்தக் கதவக் கொஞ்சம் திறங்க.

— அப்ப இத எங்க கொண்டு போற?

— பொலிஸுக்கு. காலையில ஆறரைக்கே போய் எழுதிக் குடுத்துட்டன் மாமா. ‘இருவது நிமிசம் பழக்கினதெண்டு பொய்க் கையெழுத்து வெச்சது நான், பழக்காம ஏத்தச் சொன்னது முதலாளி’ எண்டு. ‘பழக்குறதுக்கு லைசன் எண்டு சுவர்ல தொங்குதாமே, அது எங்க’ எண்டு ஸ்டேசன் பொறுப்பதிகாரி ஓஐசி கேட்டாரு. லைசன் இல்ல சேர், அறபு டிகிரி எண்டன். நம்பல்ல. அவங்க வந்து எடுக்கிறதெண்டாங்க. வேணாம், நானே கழட்டிக் கொண்டு வாறன் எண்டு சொல்லிட்டு வந்தன்.

— கேஸ் முடியிற வரைக்கும் அது திரும்பி வராதே மக. வேலை தேடப் போனா எதக் காட்டுவ? உன்னயும்தானே உள்ள போடுவாங்க?

— ஓம். நான் எழுதிக் குடுத்ததுல முதல் பேரு என்டது, ரெண்டாவது உங்கடது. ஹுனைஸ் நானாவ சாட்சியாத்தான் போட்டிருக்கிறன். கதிரைய விடுங்க மாமா, நான் எப்பவோ இறங்கிட்டன்.