ஒன்பதாம் பெட் காலி

இந்திராணி: ஏ ரெங்கம்மா, ஒம்பதாம் பெட்டுக் கெழவி எங்க?

ரெங்கம்மா: சின்னம்மாவா? பாத்ரூம் போயிருக்கும் சிஸ்டர்.

இந்திராணி: பாத்துட்டேன்.

ரெங்கம்மா: அப்ப கேன்டீன்ல...

இந்திராணி: அங்கயும் பாத்துட்டேன்.

ரெங்கம்மா: மார்ச்சுவரி?

இந்திராணி: வாயக் கழுவு! காய்ச்சல் விட்டு ஒரு வாரமாச்சு. ஊருக்குப் போக கேம்பல்பே கப்பலுக்கு டிக்கெட் கெடைக்காமத்தான் பெட்டுலயே கெடக்கு. இப்ப டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாரு...

ரெங்கம்மா: சும்மாத்தானே சிஸ்டர் கெடக்கு. காத்தாட வெளிய போயிருக்கு.

இந்திராணி: எங்க?

ரெங்கம்மா: ...என் ஷெட்டுக்கு.

இந்திராணி: எந்த ஷெட்டு?

ரெங்கம்மா: சுனாமிக்கு அப்புறம் போட்டுக் குடுத்தாங்களே, கராச்சர்மாவுக்கு அந்தாண்ட, அந்தத் தகர ஷெட்டு. உள்ள ஒக்காந்திருக்கு.

இந்திராணி: என் பேஷண்டு உன் ஷெட்டுல எதுக்குடி ஒக்காரணும்?

ரெங்கம்மா: இன்னைக்கு செக்கிங். ஆள் இல்லாத ஷெட்ட கேன்சல் பண்ணிருவாங்களாம். அப்புறம் கட்டிக் குடுக்குற பக்கா வீடும் கெடையாது.

இந்திராணி: இன்னைக்கா? நாளைக்குன்னுல்ல சொன்னாங்க...

ரெங்கம்மா: யாரு சிஸ்டர் சொன்னா?

இந்திராணி: யாரோ... பஸ்ல பேசிக்கிட்டாங்க. நீ லீவு போட்டுட்டு நீயே ஒக்காந்திருக்க வேண்டியதுதானே?

ரெங்கம்மா: தினக்கூலிக்கு ஏது சுட்டி? நீங்க பர்மனென்ட். மெயின்லேண்டு போயிட்டு வந்தாலும் சம்பளம் வரும். நான் ஒரு நாள் வரலேன்னா கூலி போச்சு. மறுநாள் தரை தொடைக்கிற என் மாப்ப வேற ஒருத்தி புடிச்சிருப்பா.

இந்திராணி: வீட்டுல வேற ஆளே இல்லியா?

ரெங்கம்மா: இருந்தாங்க. கச்சால் தீவுல. ரப்பர் தோட்டத்து லைன்ல. அலை வந்தப்ப...

இந்திராணி: சரி, சரி... விடு.

ரெங்கம்மா: கப்பல்ல கொண்டாந்து எறக்குன மறுநாளே இந்த வார்டுல பெட்பேன் கழுவுனேன் சிஸ்டர். அழுதா அன்னைக்குக் கூலி இல்ல.

இந்திராணி: நானும்தான் நான்கௌரித் தீவுலருந்து போட்டுருந்த துணியோட வந்தேன்.

ரெங்கம்மா: உங்களுக்கு அப்புறம் குவார்ட்டர்ஸ் குடுத்துட்டாங்க.

இந்திராணி: ...ம்.

ரெங்கம்மா: ஃபேனோட.

இந்திராணி: கெழவி தன்ன யாருன்னு சொல்லும்?

ரெங்கம்மா: என் மாமியான்னு சொல்லச் சொன்னேன். இப்பவே மாமியாதான். அடுப்பு ஏன் கழுவலேன்னு பஸ் கண்டக்டர்கிட்ட சொல்லி விட்டிருக்கு.

இந்திராணி: சிரிக்காத. இது ஃபிராடு. நான் ரிப்போர்ட் பண்ணியாகணும்.

ரெங்கம்மா: பண்ணுங்க சிஸ்டர்.

இந்திராணி: பண்ணுவேன்.

ரெங்கம்மா: டீக் ஹை.

இந்திராணி: ...செக்கிங்காரங்க எல்லா ஷெட்டும் பாப்பாங்களா?

ரெங்கம்மா: வரிசையா பாப்பாங்க. எனக்கு அடுத்தது ரெண்டு வருஷமா தாலா போட்டுப் பூட்டிக் கெடக்கு. அதையும் பாப்பாங்க.

இந்திராணி: அது... யாரோடது?

ரெங்கம்மா: யாரோ கவர்மென்ட் ஆளாம். இருக்க நல்ல வீடு இருக்கு, இதையும் விடாமப் புடிச்சு வச்சிருக்குன்னு பேச்சு.

இந்திராணி: அவங்களுக்கு என்ன கஷ்டமோ.

ரெங்கம்மா: இருக்கும் சிஸ்டர்.

இந்திராணி: நாளைக்கு ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸ காலி பண்ணித்தானே ஆகணும்? அப்ப எங்க போவாங்க?

ரெங்கம்மா: அதானே.

இந்திராணி: ...அந்த ஷெட்டப் பத்திக் கேட்டா கெழவி என்ன சொல்லும்?

ரெங்கம்மா: ஆள் இருக்கு, டூட்டிக்குப் போயிருக்குன்னு சொல்லும். நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.

இந்திராணி: நீயா? எதுக்கு?

ரெங்கம்மா: டாக்டர் வந்து கேட்டா, சின்னம்மா குளிக்கப் போயிருக்குன்னு நீங்க சொல்லப் போறீங்க. உங்க ஷெட்டுக்கு நான் இதுகூடச் செய்ய மாட்டேனா? நைட் சிஸ்டருக்கு அங்க ஷெட்டு கெடையாது. அவங்க போயி நீங்க டூட்டி ஏறுற வரைக்கும் காத்திருந்துதான் கெழவிய பஸ் ஏத்துனேன்.