பன்னிரண்டு புழுக்கள்

முதலில் உங்கள் காவல் நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பின்பக்கம் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு நீல டிரம் இருக்கிறது, மூடி கிடையாது. கை கழுவப் போனபோது எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு பெரிய குடும்பமே குடியிருக்கிறது. இன்னும் மூன்று நாளில் எல்லாவற்றுக்கும் இறக்கை முளைத்துவிடும். வாசலில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாரே ஒரு காவலர், அவருக்குத்தான் முதல் கடி. டிரம்மை இன்றைக்கே கவிழ்த்துவிடச் சொல்லுங்கள்.

இப்போது வந்த விஷயம். என் தங்கையின் கணவர் வீட்டு நீச்சல் குளத்தில் தலைகுப்புற விழுந்து இறந்துபோனது விபத்து என்று எழுதி, போன வாரம் கோப்பை மூடிவிட்டீர்கள். அந்தக் கோப்பில் என் குறிப்பேடும் இருக்கிறது. அதில் ஓர் எண் தப்பு. அதைத் திருத்தத்தான் வந்தேன். நீங்கள் காகிதத்தையும் பேனாவையும் தள்ளிவிட்டு, "உங்க பாட்டுக்கு எழுதுங்க சார், அவசரமே இல்ல" என்று சொல்லி டீ குடிக்கப் போய்விட்டீர்கள். நல்ல மனிதர்.

நானும் இன்ஸ்பெக்டர்தான். நீங்கள் திருடனைப் பிடிக்கிறீர்கள், நான் கொசுவைப் பிடித்தேன். முப்பத்தொரு வருஷம் சுகாதாரத் துறையில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அடுத்தவர் வீட்டுப் பூந்தொட்டியைத் தூக்கிப் பார்ப்பவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. என்னிடம் ஒரு வெள்ளை எனாமல் கரண்டி உண்டு. நீளமான பிடி. தேங்கிய தண்ணீரில் அதைச் சாய்த்து மெல்ல முக்கி எடுத்தால், வெள்ளைப் பின்னணியில் புழுக்கள் நெளிவது தெரியும். ஓர் இடத்துக்குப் பத்துக் கரண்டி. எண்ணி, குறிப்பேட்டில் எழுத வேண்டும். இவ்வளவுதான் என் வித்தை.

எண்ணில் மட்டும் நான் கை வைக்க மாட்டேன். ஒருமுறை எங்கள் இயக்குநரின் அறையிலேயே, அவர் மேஜை மேல் இருந்த பூ ஜாடியில் ஆறு புழு கண்டுபிடித்தேன். ஆறு என்று எழுதினேன். "மூணுன்னு போடுய்யா" என்று கெஞ்சினார். போடவில்லை. மறுவாரம் என்னை ஒரு சதுப்பு நிலத்துக்கு மாற்றினார்கள். தண்டனை என்று நினைத்துச் செய்தார்கள். எனக்கு அது உல்லாசப் பயணம் மாதிரி இருந்தது.

ஓய்வு பெற்றதும் தங்கை என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். பின்பக்கம் நீச்சல் குளத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர். என் வாழ்க்கையில் எனக்கென்று யாராவது கொடுத்த முதல் அறை அது. அங்கே காலையில் கண்விழிக்கும்போது மனசு நிறைந்திருக்கும். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் அந்த வீட்டுக்கு நன்றியுள்ளவன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நன்றியை வேலையில் காட்டினேன். நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு, குளத்தையே முறைத்துப் பார்ப்பது. மருந்து போட்டு ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரில் கொசு முட்டையிடாது, அதற்கும் மானம் உண்டு. ஆபத்தெல்லாம் குளத்தைச் சுற்றித்தான். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு. குடை நட்டு வைக்கிற குழி. குளத்தை மூடும் பிளாஸ்டிக் விரிப்பின் மடிப்பு. காற்று இறங்கிப்போன ரப்பர் வாத்தின் முதுகு. கழற்றிப் போட்ட செருப்பு கூடப் போதும், மழை பெய்தால். ஒரு மூடி தண்ணீர், ஒரு வாரம், அவ்வளவுதான் அதற்குத் தேவை. வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கவிழ்த்துத் துடைத்து, குழிகளில் மணல் போட்டு நிரப்பினேன். இரண்டே மாதத்தில் அந்த வீட்டில் கொசுவர்த்தி வாங்குவது நின்றது. தங்கை ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாள்.

மாப்பிள்ளை பூரிக்கவில்லை. அவர் லிஃப்ட் விற்பவர். நாள் முழுக்க ஆட்களை மேலே கீழே அனுப்புவதாலோ என்னவோ, மனிதர்களை எந்த மாடியில் நிறுத்துவது என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. எனக்குத் தரைக்கும் கீழே ஒரு தளம் ஒதுக்கியிருந்தார். என்னை 'கொசு மச்சான்' என்பார். விருந்தாளிகள் முன்னால் இன்னும் சத்தமாக.

அவருக்கு ஒரு பழக்கம். காலை ஆறு மணிக்குக் கண்ணாடியைச் சாப்பாட்டு மேஜையில் கழற்றி வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து, நேரே ஓடி, குதிக்கும் பலகையில் ஒரு மிதி மிதித்துத் தலைகீழாகப் பாய்வார். பாயும்போது "மச்சான், எந்திரிங்க!" என்று ஒரு கத்தல். தண்ணீர் எழும்பி வந்து என் ஜன்னலில் அறையும். மூன்று வருஷமாக அதுதான் எனக்கு அலாரம். நான் அவருக்கு முன்பே எழுந்து டீயோடு உட்கார்ந்திருப்பேன் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது.

கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது. கண் மருத்துவரிடம் துணைக்குப் போனவன் நான். சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருப்பார்களே, அதில் உச்சியில் இருக்கும் ஒற்றை எழுத்தையே அவர் 'ஏதோ பூச்சி மாதிரி இருக்கு' என்றார். மருத்துவர் சிரித்தார். நான் மனதில் வைத்துக்கொண்டேன், எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது போல.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய அலுவலக நண்பர்கள் வந்திருந்தார்கள். குளத்தங்கரையில் பெரிய பாத்திரம் நிறையப் பழச்சாறு. ஊற்றக் கரண்டி இல்லை. மாப்பிள்ளை என் அறைக்குள் போய் எனாமல் கரண்டியை எடுத்து வந்தார். அதைப் பாத்திரத்தில் முக்கித் தூக்கிப் பிடித்து, "மச்சான், எண்ணிச் சொல்லுங்க, இதுல எத்தனை?" என்றார்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தங்கை மட்டும், "விடுங்களேன், அண்ணனோட சாமான் அது" என்றாள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. அந்தக் கரண்டியால் அவர்கள் பதினோரு டம்ளர் ஊற்றிக் குடித்தார்கள். அது எந்தெந்தச் சாக்கடையில் எல்லாம் முங்கி எழுந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த மட்டில் எனக்கும் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் நண்பர்கள் போன பிறகு மாப்பிள்ளை என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். ஈர உடம்போடு.

"மச்சான், இந்த ரூம உடை மாத்துற இடமா ஆக்கிடலாம்னு இருக்கேன். வர்றவங்க வீட்டுக்குள்ள ஈரத்தோட நடக்குறாங்க."

"அப்போ நான்?"

"உங்களுக்கு ஒரு முதியோர் இல்லம் பாத்து வெச்சுட்டேன். பெரிய தோட்டம். கொசு எக்கச்சக்கமா இருக்காம், உங்களுக்குப் பொழுது போயிடும்."

அடுத்த மாதம் முதல் தேதி என்று நாளும் குறித்துவிட்டார். அவர் எழுந்து போன பிறகு படுக்கை விரிப்பில் ஈரம் அவர் உருவத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. அழுதேன். ஆனால் அதற்கும் பின்னால் நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நடந்தது முழுக்க முழுக்கச் சுகாதார நடவடிக்கை.

அந்தச் சமயத்தில்தான் குளத்துத் தண்ணீரைச் சுற்றவிட்டுச் சுத்தம் செய்யும் மோட்டார் பழுதாகிப்போனது. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்று மாப்பிள்ளையிடம் இரண்டு முறை சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆக, தண்ணீர் தேங்கிவிட்டது. விதி தெளிவாக இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் புழு கண்டால், உடனே வெளியேற்ற வேண்டும். எட்டாம் நாள், வியாழக்கிழமை மதியம், கரண்டியை முக்கினேன். பன்னிரண்டு என்று எழுதினேன். இன்னொரு மோட்டாரை வைத்து முழுத் தண்ணீரையும் தெருச் சாக்கடைக்கு இறைத்தேன். பொழுது சாய்வதற்குள் குளம் காலி. அடியில் இருந்த ஈரத்தைக்கூடத் துணி போட்டு ஒற்றி எடுத்தேன். ஒரு வேலையைச் செய்தால் அரைகுறையாகச் செய்யக்கூடாது.

அந்தக் குளத்து ஓடுகள் இளநீலம். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறம் அதேதான். கடைக்காரரிடம் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது மாப்பிள்ளையே, நான் இல்லை.

தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணே, மோட்டார் சத்தம் கேக்குதே?"

"தண்ணி மாத்துறேம்மா. நாளைக்குப் புதுசா நிரப்பிடலாம்."

"அவர்கிட்ட சொல்லிடு. காலையில குதிப்பாரு."

"போர்டு மாட்டிட்டேன்" என்றேன்.

பொய் இல்லை. நீங்களே பார்த்தீர்கள், குதிக்கும் பலகையின் கால்மாட்டில் கட்டியிருந்தது. 'தண்ணீர் இல்லை'. எழுத்துகள் ஒரு சாண் உயரம். விதிப்படி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். படிப்பவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பார்ப்பது விதியில் இல்லை. மாப்பிள்ளை அன்று தாமதமாக வந்து, சாப்பிட்டுவிட்டு நேராகப் படுக்கப் போய்விட்டார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. என் அறைக்கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தேன்.

காலை ஆறு மணி. நான் ஜன்னல் அருகே டீயோடு இருந்தேன். பின்கதவு திறந்தது. அவர் ஓடிவந்தார். பின்கதவிலிருந்து பலகை வரை பதினான்கு எட்டு. இதையும் எப்போதோ எண்ணி வைத்திருந்தேன், தொழில் புத்தி. பதினான்கு எட்டுக்குள் ஒரு மனிதன் 'நில்லுங்க' என்று எத்தனை முறை சொல்லலாம் என்று நீங்கள் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பாவம், அதிர்ச்சியில் இருக்கிறார் என்று நினைத்துவிட்டீர்கள். ஐந்தாறு முறை தாராளமாகச் சொல்லலாம். ஆனால் என் வாயில் டீ இருந்தது. சூடான டீ. விழுங்கிவிட்டுத்தானே பேச முடியும்.

அவர் வழக்கம்போலக் கத்திக்கொண்டேதான் பாய்ந்தார். அன்று 'மச்சான்' வரைதான் வந்தது. ஜன்னலில் தண்ணீர் அடிக்கவில்லை. மூன்று வருஷத்தில் முதல் முறையாக ஜன்னல் சுத்தமாக இருந்தது.

மிச்ச டீயைக் குடித்துவிட்டு வெளியே போனேன். தங்கை எனக்கு முன்னால் வந்துவிட்டாள். அவள் அழுத அழுகை என் நெஞ்சைப் பிசைந்தது. அவளை ஒன்றும் செய்ய நான் நினைக்கவே இல்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு நேற்று அவள் என் அறைக்கு வந்தாள். கையில் எனக்கு டீ. அவளுக்கும் ஒரு டம்ளர். கட்டிலில் உட்கார்ந்தாள், அவர் உட்கார்ந்த அதே இடத்தில்.

"அண்ணே, உன்னை வெளியே அனுப்ப அவர் நெனச்சதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேன். நீ எங்கேயும் போகாதே. எனக்கு இனி நீதான். இந்த ரூம் உன்னோடது."

நான் கேட்காமலே கிடைத்தது. என் ஆயுசு முழுக்க எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆனால் குடிக்க முடியவில்லை, டீ ஆறிப்போனது. அவள் பார்வை ஜன்னல் வழியாகக் குளத்தின் மேல் இருந்தது. "பன்னெண்டு புழுவுக்காக என் வாழ்க்கையே போச்சுண்ணே. ஆனா உன்மேல தப்பு சொல்ல மாட்டேன். நீ நோட்டுல எழுதினா அது சத்தியம்" என்றாள்.

ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் கரண்டியை எடுத்துக்கொண்டு குளத்தில் இறங்கினேன். முந்தின வாரம் பெய்த மழை ஆழமான மூலையில் முழங்கால் அளவுக்குத் தேங்கியிருக்கிறது, தங்கை யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. பத்துக் கரண்டி. நாற்பத்தொன்று. இது நிஜமான எண், இதை நீங்கள் நம்பலாம். யாரையாவது அனுப்பி அதை இறைத்துவிடுங்கள். தங்கை ராத்திரியெல்லாம் அந்தக் கரையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

இப்போது அந்தத் திருத்தம். என் குறிப்பேட்டில் வியாழக்கிழமைக்கு நேரே பன்னிரண்டு என்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் 'நல்லெண்ணத்தில் செய்தது' என்று நீங்கள் எழுதினீர்கள். அன்று மதியம் பத்துக் கரண்டி எடுத்தேன். பத்திலும் ஒன்றும் இல்லை. இன்னொரு பத்து எடுத்தேன். அதிலும் இல்லை. எப்படி இருக்கும்? மோட்டார் நின்ற எட்டு நாளும் தவறாமல் மருந்து கரைத்து ஊற்றி, கழியால் கலக்கிவிட்டுக்கொண்டிருந்தவன் நான்தான். அடியில் கிடந்த தங்கையின் கொண்டை ஊசி கூட மேலிருந்து தெரிந்தது, அவ்வளவு சுத்தமான தண்ணீர். பிறகு இறைக்கிற மோட்டாரைப் போட்டேன். அது ஓடிக்கொண்டிருந்தபோது உட்கார்ந்து பன்னிரண்டு என்று எழுதினேன்.

முப்பத்தொரு வருஷ வேலையிலும் அதற்குப் பிறகும் நான் எழுதிய ஒரே பொய் எண் அதுதான். பன்னிரண்டை அடித்துவிட்டு சைபர் என்று போடுங்கள், பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். மற்றபடி நான் தப்பாக எதுவும் செய்யவில்லை.