ரேடியோ துணியில் ஒரு கோணல்

அந்த ஸ்டூல்ல ஒக்காராதீங்க காந்தா மேடம், ஒரு கால் ஆடுது. ஒங்க சேர் அங்கதானே இருக்கு, எப்பவும் ஒக்கார்றது, குஷன் போட்டது. ஆங், அதுதான். கஸ்டமருக்குன்னுதான் வாங்கினேன். வேற கஸ்டமரா? அவங்கல்லாம் வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிடுவாங்க.

தெரியும், தெரியும். காலையிலயே ஒங்க பிள்ள நாகேஷ் போன் பண்ணிட்டாரு. நாளைக்கு டெம்போ வருது, வீடு மாறி வைட்ஃபீல்டுக்கு மொத்த சாமானும் போவுது, ரேடியோ முடிஞ்சாலும் சரி முடியாட்டியும் சரி, இன்னிக்கு அம்மா கையில குடுத்து அனுப்பிடுங்க அங்கிள்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. ஒரு ரேடியோவுக்கு அஞ்சு மாசமான்னு கடைசியா ஒரு வார்த்த கேட்டாரு பாருங்க, அதுதான் சுருக்குன்னுச்சு.

ரெடியாயிடுச்சு மேடம். தோ, துண்டு போத்தி வச்சிருக்கேன். இருங்க, எடுக்காதீங்க. ஃப்ளாஸ்க்ல டீ இருக்கு, ஒரு கிளாஸ் குடிச்சிட்டு நிதானமாப் பாக்கலாம். சக்கர அரை ஸ்பூன்தான் போட்டிருக்கேன்.

அஞ்சு மாசம் ஏன் ஆச்சுன்னு நீங்களே அவருக்குச் சொல்லியிருக்கலாம். கொண்டாந்தப்போ அது ரேடியோவாவா இருந்துச்சு? ஒங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் அதுமேல மிக்ஸி வச்சு சட்னி அரைச்சிட்டு இருந்திருக்கீங்க. பெட்ஷீட்ல சுத்தி ஆட்டோலருந்து எறக்கினப்போ உள்ளருந்து நாலு கரப்பான்பூச்சி எறங்கி இந்த ஆஸ்டின் டவுன்லயே செட்டிலாயிடுச்சு. ஆனா உள்வேல பெருசில்ல. ரெண்டு வால்வு போயிருந்துச்சு, கண்டென்சர் அஞ்சாறு மாத்தினேன், முள்ளு நகர்ற கயிறு புதுசாக் கட்டினேன். ரெண்டே வாரத்துல கன்னட நியூஸ் படிக்க ஆரம்பிச்சிடுச்சு. ஒங்களுக்குப் போட்டுக் காமிச்சேனே. நீங்க கூட அழுவற மாதிரி மூஞ்ச வச்சிக்கிட்டு, சவுண்டக் கொறைங்க, காது போவுதுன்னீங்க.

துணிதான் மேடம் பேஜாரு. ஸ்பீக்கருக்கு முன்னாடி ஒட்றது. ஜனங்க அத சாதா துணின்னு நெனைக்கிறாங்க. ரேடியோவுக்கு மூஞ்சே அதுதான். கெட்டியா இருந்தா பாடறவங்க தலகாணிக்குள்ளருந்து பாடுவாங்க. மெல்லிசா இருந்தா உள்ள இருக்கற ஸ்பீக்கரு பல்லு இளிக்கும். வாயில வச்சு ஊதினா காத்து தாராளமா அந்தப் பக்கம் போவணும், ஆனா பாத்தா ஒண்ணும் தெரியக் கூடாது. சிக்பேட்ல ஒரு பொடவக் கடையில நொழஞ்சு ஒவ்வொரு பொடவையா எடுத்து ஊதிப் பாத்தேன். நாலாவது பொடவையில அந்த சேட்டு என் கையப் புடிச்சு வெளிய கொண்டாந்து விட்டாரு. வீட்ல யாராவது இருந்தா வரச் சொல்லுங்கன்னாரு. என் சம்சாரம் பிரிஸில்லா போயி ஏழு வருஷமாச்சு, வீட்ல நானும் பழைய ரேடியோக்களும்தான்னேன். மனுஷன் மனசு எளகிட்டாரு. குடோனுக்குள்ள போயி, லேசா ஜரிக மின்னற இந்தத் துணிய அவரே எடுத்துக் குடுத்தாரு.

துணி கெடச்சது எந்த மாசமா? அது வந்து, மழைக் காலம். நெனப்பில்ல மேடம்.

ஒங்க ஜார்ஜெட் பொடவையா? ஆமா, கொண்டாந்தீங்க. முந்தானைய வெட்டிக்கங்க, எனக்கு இனிமே எதுக்குன்னீங்க. ஊதிப் பாத்துட்டு சரிப்படாதுன்னு சொன்னேன். அது இன்னும் என் பீரோலதான் இருக்கு, பத்திரமா.

துணி கெடச்சிட்டா ஆச்சா? ஒட்ட வேணாமா? பலகையில ஃபெவிகால் லேசாத் தடவி, துணிய நாலு பக்கமும் இழுத்து ஒட்டி, தண்ணி தெளிச்சு வெயில்ல வச்சா, காயறப்போ சுருங்கி டங்குன்னு நிக்கும். ஆனா துணியில மேலருந்து கீழ போற நெட்டு நூலு பொட்டி ஓரத்துக்கு நேரா ஓடணும். ஒரு நூல் சாஞ்சாக் கூட மொத்த ரேடியோவும் சாஞ்ச மாதிரி இருக்கும். கேக்கறவங்களும் தலைய சாச்சிட்டேதான் கேக்கணும்.

எனக்கு அதுதான் சாஞ்சுது. ஒம்போது சனிக்கெழம. நீங்க வர்றது, கண்ணாடி மாட்றது, குனியறது, கோணல் இருக்கற எடத்துல பையிலருந்து அந்த செவப்பு அம்பு ஸ்டிக்கர எடுத்து டக்குன்னு ஒட்றது. கார்மெண்ட்ஸ் ஃபேக்டரிலருந்து ரிடையராகி ரெண்டு வருஷமாவுது, இன்னும் அந்த ஸ்டிக்கர் ரோல பையில வச்சிட்டு சுத்தற ஆளு பெங்களூர்லயே நீங்க ஒருத்தர்தான். போன வாரம் பாத்தேன், ரெண்டே ரெண்டு ஸ்டிக்கர்தான் மிச்சம். எத்தன லட்சம் சட்ட செக் பண்ண கண்ணு. நீங்க ரிஜெக்ட்னா ரிஜெக்ட்தான். பிச்சி எடுத்துட்டு மறுபடி ஒட்றேன், அடுத்த சனிக்கெழம வாங்கம்பேன். நீங்க டீ குடிச்சிட்டு, மருமவ ஷில்பா ஓட்ஸ்ல பிரியாணி பண்ண கதையச் சொல்லுவீங்க. சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அஞ்சரையாயிடும்.

என்னா கேட்டீங்க, நான் முன்ன பாத்த வேலையா? ஆமா, பீன்யாவுல ஒரு ஃபேக்டரியிலதான். இருவத்தெட்டு வருஷம். மெஷின்ல இல்ல, இன்ஸ்பெக்ஷன்ல. ஆமா, அளவு பாக்கற வேலதான். தலமுடியில பாதி ஏறினாலும் பீஸத் தூக்கிப் போட்டுடுவேன், பசங்க என்னத் திட்டாத நாளில்ல. இதெல்லாம் இன்னிக்கு எதுக்குக் கேக்கறீங்க? டீ ஆறுது பாருங்க.

சரி. துண்ட எடுத்துடறேன். பாருங்க. கண்ணாடி மாட்டிக்கிட்டே பாருங்க. எதுனா ஒரு நூலப் புடிச்சு மேலருந்து கீழ வரைக்கும் வாங்க, எங்கியாவது சாயுதா? சாயாது. நேத்து ஒரே தடவையில ஒட்டினது. அர மணி நேரம் கூட ஆவல.

எனக்குக் கோணலா ஒட்டத் தெரியாது மேடம், அதான் விஷயம். ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் கஷ்டப்பட்டுதான் கோணலாக்கினேன். ஒரு வாரம் எடது பக்கம், ஒரு வாரம் வலது பக்கம், ஒங்களுக்கு சந்தேகம் வரக் கூடாதுன்னு. துணி மூணாவது வாரமே கையில வந்துடுச்சு. அதுக்கப்புறமும் ரெண்டு மாசம் கெடைக்கலன்னேன். மழைன்னேன், கடை லீவுன்னேன், எலி கடிச்சிடுச்சுன்னேன். இந்த வீட்ல எலியே கெடையாது. ஒங்க ஜார்ஜெட்டு கூட ரொம்ப நல்லாவே காத்து விட்டுச்சு.

ரேடியோவக் குடுத்துட்டா நீங்க எதுக்கு இங்க வரப் போறீங்க? சனிக்கெழம நாலு மணிக்கு அந்த கேட்டு சத்தம் கேக்கலன்னா எனக்கு அந்த வாரமே ஓடாது. அவ்ளோதான் மேடம், வேற ஒண்ணுமில்ல. ஒங்க பிள்ளைக்கிட்ட வேணும்னா சொல்லிடுங்க, அங்கிள் ஏமாத்திட்டாருன்னு. ஆட்டோ கூப்புடறேன், நானே தூக்கி வைக்கறேன். மடியில வச்சிக்காதீங்க, கனம் ஜாஸ்தி.

திட்டணும்னா திட்டிடுங்க மேடம். பையில என்னா தேடறீங்க, கர்ச்சீப்பா?

ஸ்டிக்கரா? இதுக்கா? அங்க ஒண்ணுமில்லியே. வேணாம், ஒட்டாதீங்க. ஒட்டிட்டீங்க. இருங்க, ஸ்கேல் எடுத்தாரேன். தோ, மேல எவ்ளோ இருக்கு பாத்துக்கங்க. கீழயும் அதே. நடுவுலயும் அதே. சட்டையில ஒரு தையல் தப்பினாலும் கண்டுபுடிக்கிற ஆளு நீங்க, இதுல போயி எப்பிடி கோணல்ங்கறீங்க?

ஏன் சிரிக்கறீங்க?

ஓ.

ஆமா மேடம். கோணல்தான். நல்லாவே சாஞ்சிருக்கு, எனக்குத்தான் வயசாயி கண்ணு தெரியல. இத இப்பிடியே குடுத்து அனுப்பினா என் பேரு கெட்டுடும். ரேடியோ இங்கியே இருக்கட்டும். நாகேஷுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன், கிளாரன்ஸ் அங்கிளுக்கு இன்னும் ஒரு வாரம் வேணுமாம்னு. வைட்ஃபீல்டுல மெட்ரோ ஏறினீங்கன்னா ட்ரினிட்டில எறங்கிக்கங்க, நான் ஸ்டேஷன் வாசல்லயே நிக்கறேன்.

அது சரி, போன வாரம் ரெண்டே ரெண்டு ஸ்டிக்கர்தானே மிச்சம் இருந்துச்சு. இது முழு ரோலாச்சே. எப்ப மேடம் வாங்கினீங்க?