அபியின் மாஸ்டர் பாஸ்வேர்டு

‘பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா’ என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சார். வசதிதான், எதையும் தட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் அடுத்து உட்காருபவனுக்கும் அதே வசதி. தனியாகப் பாஸ்வேர்டு மேனேஜர் போட்டால், எல்லாப் பாஸ்வேர்டையும் அதுவே வைத்துக்கொள்ளும், நாம் எழுந்து போனதும் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கிற மாஸ்டர் பாஸ்வேர்டு ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும். குற்றாலம் ரோட்டில் என் நெட் சென்டருக்கு வருகிற எல்லோரிடமும் இதைத்தான் சொல்வேன். அபியிடமும் சொன்னேன்.

அபி என் பெரியப்பா மகன் உச்சிமாகாளியின் மகள். மருத்துவக் கலந்தாய்வுக்கு என் கடையில்தான் பதிவு செய்தாள். மேனேஜரை நானே போட்டுக் கொடுத்தேன். மாஸ்டர் பாஸ்வேர்டை அவள் தட்டும்போது தள்ளிப்போய் நின்றுகொண்டேன். அந்த விஷயத்தில் நான் நேர்மையானவன்.

எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் குலதெய்வத்தின் பெயரையும் பிறந்த வருஷத்தையும்தான் பாஸ்வேர்டாக வைப்பார்கள். வெளியாளுக்குத் தெரியாது என்று நினைப்பு. பங்காளிக்குத் தெரியாதா? எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சாஸ்தா.

பங்குனி உத்திரத்தன்று அந்தச் சாஸ்தா கோயிலில், பொங்கல் வைக்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் உச்சிமாகாளி என்னிடம் சொன்னான்: “ஒம் மவ போன வருசம் நீட்டுல தேறலன்னா என்னல? எம் மவ டாக்டராவட்டும், ஆஸ்பத்திரியில பெருக்குத வேல வாங்கித் தருவா.” எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் ஜெயசித்ரா பக்கத்தில்தான் நின்றாள். அவனைப் பிடிக்காது என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்ட வேண்டும் என்பார்கள். பொறுத்திருந்தேன்.

கலந்தாய்வில், வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பூட்ட அன்றைக்குக் கடைசி நாள். ஒருமுறை பூட்டினால் மாற்ற முடியாது. அபி காலையில் வரிசைப்படுத்திவிட்டு, அப்பாவைக் கேட்டுக்கொண்டு சாயங்காலம் பூட்டுவதாகச் சொல்லிப் போனாள். மத்தியானம் சாரல், கடையில் ஆள் இல்லை. அவள் மேனேஜரில் சாஸ்தா பெயரையும் அவள் பிறந்த வருஷத்தையும் தட்டினேன், முதல் தடவையிலேயே திறந்தது. மெயிலின் பாஸ்வேர்டும் உள்ளேயே இருந்ததால் ஓ.டி.பி.க்கும் சிரமமில்லை. எல்லாக் கல்லூரிகளையும் நீக்கினேன். அவள் மார்க்குக்குக் கிடைக்கவே கிடைக்காத ஒன்றை மட்டும் வைத்துப் பூட்டினேன்.

சாயங்காலம் வந்தவள் மற்றக் கல்லூரிகளைத் தேடித் திரையை மேலும் கீழும் நகர்த்தினாள்.

“சித்தப்பா, நாந்தான் மாத்தி அமுக்கிட்டேனா?”

“ஆமாட்டி, பதட்டத்துல நீதான் அமுக்கியிருக்க.”

அப்பாவிடம் அடி வாங்கினாள். இன்றைக்கும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். என் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அவளுடைய டீச்சர் மீனா புகார் கொடுத்திராவிட்டால் நீங்களும் என் கம்ப்யூட்டரை ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்திருக்க மாட்டீர்கள்.

நான்தான் செய்தேன், சார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? அபி மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, அவளும் என் மகள் மாதிரிதான். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அடுத்த வருஷப் பதிவுக்கு வேறு கடைக்குப் போக வேண்டாம். முன்பின் தெரியாதவனை எல்லாம் நம்ப முடியாது.