எண்ணூறு மீட்டரில் ஓடியவர்

காரிமங்கலம் பேருந்தில், மடியில் தூங்கும் குழந்தைக்குக் காற்று அதிகமோ என்று ஜன்னலை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன். முன் இருக்கையில் ஐம்பதைத் தாண்டிய தோழிகள் இருவர். ஒருவர் மடியில், எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் தடகளப் போட்டியின் வரலாற்று மலர், இன்னும் அச்சுக்குப் போகாத தாள்களாக இருந்தது. அவர்தான் ஆரம்பித்தார்.

“எண்ணூறு மீட்டர்ல முதல்ல வந்தது நான்னு போட்டிருக்குது. அன்னிக்கு நான் கால் சுளுக்கி பெஞ்சுல குந்தியிருந்தேன்டி!”

“வுடு சாந்தி. உன் பேர்லதானே ஓடுனேன்.”

“ஓடுனது நீ. இதுல உன் பேருதான் வரணும்.”

“எங்கப்பாரு அனுமதிக் கடுதாசில கையெழுத்தே போடல. அவருக்குத் தெரியாம ஓடுனேன்னு இந்த வயசுல அவரு படிக்கணுமா?”

“நேத்து உங்கப்பாரு வூட்டுக்குப் போயி அவரையே கேட்டுட்டேன். மைதானத்து வேலிக்கு அந்தாண்ட நின்னு பாத்தாராம். ‘கடைசி வளைவுல எம் பொண்ணு மூணு பேரைத் தாண்டுனா’ங்கறாரு.”

பேருந்து இரண்டு நிறுத்தங்களைக் கடந்தது. ஓடிய அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப செல்வின்னே போடு. வூட்டுக்காரர் இனிஷியல் வேணாம். எங்கப்பாரு இனிஷியலோட போடு.”