சாலைக்கு முதுகு காட்டும் ஆலயம்

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மாவட்டக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே! எங்கள் அடாவடியையெல்லாம் அன்போடு பொறுத்துக்கொள்ளும் சபைப் போதகர் அவர்களே! முழங்கால் வலியை மறந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பின்னால் வெந்துகொண்டிருக்கும் பிரியாணியின் மேல் ஒரு கண்ணை வைத்திருக்கும் தாய்மார்களே! ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்தும் மேனாம்பேட்டிலிருந்தும் பஸ் மாறி, பஸ் மாறி வந்திருக்கும் பாசத்துக்குரியவர்களே! எங்கள் மண்ணின் மனிதர்களாகிய நசரத்பேட்டைப் பெருமக்களே! உங்கள் அத்தனை பேருக்கும் ஃபிட்டர் பால்ராஜின் நெஞ்சு நிறைந்த வணக்கம்!

சுருக்கமாகப் பேசச் சொல்லி மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அம்மையார் கையைக் காட்டுகிறார். அவர் பெயர் சுசீலா. என் மனைவி. வீட்டில்தான் நான் பேச முடிவதில்லை, இங்கேயாவது பேசவிடம்மா! சிரிக்கிறார். அனுமதி கிடைத்துவிட்டது.

அன்பர்களே! இன்று பிரதிஷ்டையாகும் இந்தப் புதிய மெதடிஸ்ட் ஆலயத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அந்தப் பக்கம் பளபளவென்று அகலமான சாலை இருக்கிறது. பஸ் போகிறது, லாரி போகிறது. அந்தச் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இந்தச் சின்னத் தெருவைப் பார்த்து இந்தக் கோயில் ஏன் நிற்கிறது? கட்டியவனுக்குக் கண் தெரியாதா? திசை தெரியாதா? தெரியும் ஐயா, தெரியும்! எல்லாம் தெரிந்துதான் கட்டினோம்!

கதையைக் கேளுங்கள். எண்பத்தொன்றாம் வருடம் நம் சபையார் இந்த இடத்தை வாங்கினார்கள். மண்ணைப் பார்த்தார்கள், மரத்தைப் பார்த்தார்கள், மழைத்தண்ணீர் நிற்குமா என்று பார்த்தார்கள். வழி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை! பின்னால் வேலிக்காத்தான் முள்ளுக்காடு. முன்னால் இந்த ஊர் விவசாயி வேம்புலியின் நெல்வயல். வாங்கியவர்கள் யார்? ஆவடியில் டாங்கி செய்கிறவர்கள்! மேடு, பள்ளம், சேறு, சகதி எதிலும் ஓடுகிற வண்டியைச் செய்து செய்து, உலகத்தில் வழி என்று ஒன்று வேண்டும் என்பதையே மறந்துவிட்டார்கள்!

சிறிய கோயில் எழுந்தது. ஓடு வேய்ந்த கூரை. வேப்பமரத்தில் செய்த ஒற்றைக் கதவு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆளுக்கொரு பூட்ஸ் மாட்டிக்கொண்டு வேம்புலியின் வரப்பு மேல் வரிசையாக நடந்தோம். வரப்பு என்ன, பரேடு மைதானமா? இடிந்தது. நாற்று மிதிபட்டது. ஒரு ஞாயிறு வந்து பார்த்தால் வரப்பின் வாயில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேம்புலி நிற்கிறார்.

"இன்னா நைனா! சாமி கும்புட வர்றீங்களா, என் வரப்ப ஒடைக்க வர்றீங்களா? உங்க பூட்ஸுக்கு என் பயிருதான் கெடச்சுதா?"

அன்றைய போதகர் என்ன செய்தார்? வாதாடினாரா? வழக்குப் போட்டாரா? குனிந்தார். தன் ஷூவைக் கழற்றினார். கையில் எடுத்துக்கொண்டார். "இப்படி வந்தால் பரவாயில்லையா?" என்றார். வேம்புலி அந்த வெறுங்காலைப் பார்த்தார். தானே முள்ளை இழுத்து ஓரமாகப் போட்டார். அன்று தொடங்கியதுதான் நம் சபையின் வழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வழிபாடு!

இப்போது என் கல்யாணக் கதைக்கு வருகிறேன். தாய்மார்கள் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், பார்த்தேன், பார்த்தேன்! எண்பத்துநான்கு, ஐப்பசி மாதம். விடிய விடிய மழை. நான் முன்கூட்டியே கோயிலுக்கு வந்துவிட்டேன், கோட்டு, டை, முழங்கால் வரை சுருட்டிய பேண்ட்டு. அண்ணனூரிலிருந்து பெண்வீட்டு வேன் வந்து வயலோரத்தில் நிற்கிறது. நடுவில் வரப்பைக் காணோம்! அடித்துக்கொண்டு போய்விட்டது. இந்தக் கரையில் மாப்பிள்ளை, அந்தக் கரையில் மணப்பெண். வெள்ளைப் பட்டுப்புடவையில் சுசீலா அழுகிறாள். போதகரோ மதியத்துக்குள் இன்னொரு ஊரில் ஒரு அடக்க ஆராதனைக்குப் போக வேண்டியவர். அன்று விட்டால் கல்யாணம் எப்போதோ!

வேம்புலி வந்தார். தண்ணீரைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். "ராஜம்மா! மாட்ட அவுத்துகினு வா, பரம்பைப் பூட்டு!" என்று தன் மனைவியைக் கூப்பிட்டார். பரம்பு என்றால் உழுத சேற்றைச் சமன் செய்ய மாடு இழுக்கிற பெரிய பலகை. அது போகிற இடத்தில் பயிர் தப்பாது. எங்கே ஓட்டப் போகிறார்? அவரே நட்டு, அப்போதுதான் பச்சை பிடித்திருந்த சொந்த வயலின் நடுவே!

"அண்ணாத்தே, பயிரு போய்டுமே!" என்று அழுகையோடு அழுகையாகச் சொன்னாள் சுசீலா.

"பயிர இன்னொருவாட்டி நட்டுக்கலாம்மா. நீ ஏறு. ராஜம்மா, பொண்ண கெட்டியா புடிச்சுக்கோ!"

பலகை மேல் மணப்பெண். இடுப்பைச் சுற்றிப் பிடித்தபடி ராஜம்மா. முன்னால் இரண்டு மாடு. மாட்டை அதட்டியபடி வேம்புலி. சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டு, சீறிக்கொண்டு, என்னைச் சேர வந்தாள் என் சுசீலா! எந்த ஊர் மகாராணிக்கு இப்படி ஒரு தேர் கிடைத்தது? எந்த மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு காட்சி கிடைத்தது? புடவையின் கரையெல்லாம் சேறு. இன்றைக்கும் எங்கள் பெட்டியில் அந்தக் கறையோடுதான் இருக்கிறது. பயிர் சாய்ந்த அந்தத் தடத்தைப் பார்த்து நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

காலம் ஓடியது. வயலெல்லாம் மனையானது. வேம்புலியும் விற்றார். மனை பிரிக்க வந்தவர் பரம்பு போன அந்தத் தடத்தின் மேலும் கல் நடப் பார்த்தார். "யோவ்! அது மேல கல்யாணப் பொண்ணு போயிருக்கு. அதுல எவனாவது ஊடு கட்டினா நான் சும்மா வுடுவேனா? தெரு வுடு!" என்று நின்றார். விட்டார்கள். இப்போது நீங்கள் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறீர்களே, அதுதான் அந்தத் தடம்!

பிறகு பின்பக்கத்து முள்ளுக்காட்டை அழித்துப் பெரிய சாலை வந்தது. நம் சபையும் பெருகியது, புதிய கட்டடம் வேண்டும் என்றாயிற்று. வாசலைப் பெரிய சாலைக்குத் திருப்புவது, இந்தப் பக்கம் சுவர் எழுப்புவது என்று வரைபடம் தயாரானது. கட்டடக் குழுச் செயலாளர் குணசேகரன் சொன்னதிலும் தப்பில்லை. "சாலையில் போகிற நாலு பேர் பார்க்க வேண்டாமா?" என்றார். செய்தி வேம்புலிக்கு எட்டியது. அவர் சண்டைக்கு வரவில்லை. மெதுவாக வந்தார். பழைய கதவைத் தடவிக்கொண்டு போதகரிடம் கேட்டார்: "உங்க கோயிலு, உங்க இஷ்டம் நைனா. இந்தப் பக்கம் கதவு வாணாம்னா, இத்த எனக்குக் குடுத்துடுங்க. எங்க ஊட்ல வெச்சிக்கறேன்."

இதைப் போதகர் சபைக் கூட்டத்தில் சொன்னார். யார் எழுந்தது தெரியுமா? இப்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாரே, அந்த அம்மையார்!

"இந்தப் பக்கம் செவுரு வெச்சா, வேம்புலி அண்ணாத்தேவுக்கு முதுகைக் காட்டறோம். ரோட்டுக்கு முதுகைக் காட்டினா ரோடு கோச்சிக்காது" என்றார்.

அவ்வளவுதான். முதலில் உயர்ந்த கை குணசேகரனுடைய கை! கைதட்டுங்கள் அவருக்கு! வரைபடம் மாறியது. வாசல் மாறவில்லை!

வேம்புலி அண்ணாத்தே! அந்த வேப்பமரத்தடியில் ஒதுங்கி ஏன் நிற்கிறீர்கள்? ராஜம்மா அக்கா, அவரை இப்படி அழைத்து வாருங்கள்! கண்காணிப்பாளர் ஐயா சாவியை உங்கள் கையில்தான் கொடுக்கப் போகிறார். வாசலின் மேல் போட்டிருக்கிற அந்தத் துணியை விலக்குங்கள், தம்பிகளா! பார்த்தீர்களா அண்ணாத்தே? கோயில் புதுசு. கதவு பழசு! அதே கதவு! வீட்டில் வைத்துக்கொள்ளக் கதவு கேட்டீர்களே... உங்கள் வீட்டில்தான் வைத்திருக்கிறோம். வந்து திறங்கள்!

இவ்வளவு நேரம் பிரியாணி வாசனையோடு போட்டி போட்ட என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட அனைவருக்கும் நன்றி. எழுந்திருங்கள், செருப்பைக் கழற்றுங்கள், அண்ணாத்தேவின் பின்னால் வரிசையாக வாருங்கள். வாசலில் கூடியிருக்கும் எல்லா மதத்தாருக்கும், எல்லா மனிதருக்கும் என் வணக்கம்!