வாசல்படியிலேயே தெரிந்துவிடும்

தேநீர் வேண்டாம், நன்றி. இதைச் சீக்கிரம் முடித்துக்கொண்டால் நல்லது. வீட்டில் பால் காய்ச்ச வேறு ஆள் கிடையாது.

மருத்துவமனையில் எனக்கு ‘வாசல்படி டாக்டர்’ என்று பெயர். நோயாளி செருப்பைக் கழற்றுவதற்குள் நோயைச் சொல்லிவிடுவேன். இத்தனை வருஷத்தில் என் கணிப்பு தப்பியதாக ஒருவர்கூட வந்து சொன்னதில்லை. தப்பியிருந்தால் வந்து சொல்லியிருக்க மாட்டார்களா? பிழைத்தவர்கள் எல்லோரும் வந்து சொன்னார்களே.

என் தங்கையைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? தையல் வேலை செய்தாள். ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டும் வாய் ஓயாது. அவளுடைய ஒரே மகன் கப்பல் வேலைக்குப் போன வருஷம், என் அறைக்கு வந்தாள்.

“அக்கா, ரெண்டாள் சோறு திங்கறேன், உடம்பு நிக்க மாட்டேங்குது. இந்தச் சட்டையவே எத்தனை தடவைதான் பிடிச்சுத் தைக்கிறது? இனிமே பிடிக்கிறதுக்குத் துணி இல்ல, நான்தான் இருக்கேன்.”

“தூக்கம்?”

“எங்க வருது? படுத்தா நெஞ்சு தையல் மிஷினாட்டம் ஓடுது. கை நடுங்குது. எல்லாரும் போர்த்திக்கிட்டுத் திரியறாங்க, எனக்கு வேர்த்துக் கொட்டுது.”

“பையன் போனதுலேருந்துதானே?”

“இல்லக்கா, அவன் போறதுக்கு முந்தியே…”

“பையன் போனதுலேருந்துதான். மனசுடி. வேற ஒண்ணுமில்ல.”

மனத்தை அடக்கும் மாத்திரை கொடுத்தேன். சில வாரங்களில் அவள் பேச்சு குறைந்தது. முகம் மரக்கட்டை மாதிரி ஆயிற்று. கால் தரையில் இழுபட்டது. நோய் முற்றுகிறது, பார்த்தீர்களா என்று வீட்டாரிடம் சொன்னேன். மாத்திரையைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட நான் சொன்னதுதான் உறுதியாயிற்று.

உங்களிடம் புகார் கொடுத்த கண் டாக்டர் அப்போதும் மூக்கை நுழைத்தார்.

“என்ன மேடம், உங்க தங்கச்சிக்குக் கண்ணு ரெண்டும் முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்குது. தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்களேன். ஒரு ஊசிக் குத்துதானே?”

“நீங்க கண்ணைப் பாருங்க டாக்டர். ஆளை நான் பாத்துக்கறேன்.”

ஆனாலும் நான் பிடிவாதக்காரி அல்ல. அவருக்காக மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்தேன். தங்கை எழுந்தாள். சிரித்தாள். ஊசியில் நூல் கோக்கக்கூட உட்கார்ந்தாள்.

“மூட்டைக்குள்ளேருந்து வெளிய வந்த மாதிரி இருக்குக்கா. படபடப்பு இருந்துட்டுப் போகட்டும். அந்த மாத்திரை மட்டும் வேண்டாம்க்கா.”

ஒரே ஒரு ஆளை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஆராய்ச்சி தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அது போக, மறுவாரம் எனக்கு வகுப்பு இருந்தது. வெளியிலிருந்து பெரிய டாக்டர்கள் வருகிறார்கள். முற்றிய மனநோய்க்கு உதாரணமாக அவளைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். சிரிக்கிற முகத்தை மேடையில் உட்காரவைத்து நான் எதை விளக்குவது?

மாத்திரையை இரண்டு மடங்காகப் பாலில் கரைத்துக் கொடுத்தேன்.

“பால் கசக்குதே அக்கா?”

“அடிபிடிச்சிடுச்சு. குடிடி.”

“அடிபிடிச்சா தீஞ்ச வாசம்ல வரும், கசக்குமா என்ன?” என்று கேலி செய்துகொண்டே குடித்தாள். நான் கொடுத்தால் எதையும் குடிப்பாள்.

வகுப்பு நன்றாக நடந்தது. அவள் கையைத் தூக்கிவிட்டேன். தூக்கிய இடத்திலேயே நின்றது. எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நாடி மட்டும் தறிகெட்டு ஓடியது. பாடத்துக்குச் சம்பந்தமில்லாததால் அதை நான் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் காரிலேயே அவள் நெஞ்சு நின்றுவிட்டது. பிரேதப் பரிசோதனையில் தைராய்டு என்று எழுதியிருக்கிறார்கள். இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். உயிரோடு இருக்கும்போது கண்டுபிடித்தது நான் ஒருத்திதான்.

பாலில் கலந்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

மகன் கப்பலிலிருந்து வந்துவிட்டான். என் வீட்டில்தான் இருக்கிறான். “பெரியம்மா, எங்கம்மா கழுத்தை ஒரு தடவையாவது தொட்டுப் பாத்தீங்களா?” என்று கத்துகிறான். தூங்குவதில்லை. கை நடுங்குகிறது. அம்மாவுக்கு இருந்தது அப்படியே பிள்ளைக்கும். பெட்டியோடு வாசல்படியில் நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நேற்றிலிருந்து முகம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நான் கிளம்பட்டுமா? அவன் பால் குடிக்கிற நேரம்.